குழந்தையின் காதில் ஒரு கதவு

நம் ஸ்டால் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள், கைப்பேசியில் படங்களைக் காட்டி, "மேஸ்திரி, இப்ப இதான் டிரெண்டு" என்கிறீர்கள். எல்லாம் வெளிநாட்டுக் கண்காட்சி ஸ்டால்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் படம் ஓடுகிறது. தலைக்கு மேலே துணியை இழுத்துக் கட்டிய பெரிய வளையம் தொங்குகிறது. அலுமினியச் சட்டத்தை மடித்துப் பெட்டியில் வைத்து அடுத்த ஊருக்கு எடுத்துப் போய்விடலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. முட்டி தேய்ந்து, ஏணி ஏற முடியாமல் வேலையை விட்ட பிறகு, இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க எனக்கும் நேரம் கிடைத்திருக்கிறது.

உங்கள் முன்னால் நின்று என் அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் என்னையே பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன். சட்டம் சேர்ப்பதையும் லேமினேட் ஒட்டுவதையும் பற்றி எழுதப் போவதில்லை. அதெல்லாம் என் பழைய கூட்டாளி ஏழுமலையோடு ஒரு மாதம் வேலை பார்த்தால் தானாக வந்துவிடும்.

நான் ஸ்டால் வேலைக்கு வரும் முன் கும்மிடிப்பூண்டியில் மெஷின்களுக்கு மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் ஸ்டால் என்றால் மூன்று பக்கம் சுவர், முன்னால் ஒரு மேசை, மேசைமேல் வெல்வெட் துணி. மேசைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கடைக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். சுவர் முழுக்க எழுத்து. தொழிற்சாலை எந்த வருடம் ஆரம்பித்தது என்பதில் தொடங்கி எல்லாமே அதில் இருக்கும். யாரும் படித்து நான் பார்த்ததில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் மாற ஆரம்பித்தது. மேசை போயிற்று. பக்கச் சுவர்கள் போயின. நாலு விஷயம் எழுதிய இடத்தில் ஒரே ஒரு பெரிய படம் வந்தது. வெள்ளை நிறம், வட்ட மேசை, உயரமான ஸ்டூல், ஒரு சோபா. "ஓப்பனா இருக்கணும்" என்பது எல்லோர் வாயிலும் வந்த பேச்சு.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்கள் பக்கத்தில் மட்டும் வேறொரு டிரெண்டு இருந்தது. ஸ்டாலுக்குள் கதவு வைத்த ஒரு மூடிய அறை வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெயிண்ட் கம்பெனி ஒன்றுகூடக் கேட்டது. செய்து கொடுத்தோம். வந்தவர்கள் அதைக் கழிப்பறை என்று நினைத்து விலகிப் போனார்கள். அந்த டிரெண்டு எங்கள் கையிலிருந்துதான் கிளம்பியது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தொழிற்சாலை இருந்தது. அதை நடத்தியவர் பழவேற்காட்டுக்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சத்தத்தை அடக்கும் பலகைகள் செய்தார். பிளைவுட் சட்டத்துக்குள் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, மேலே துணி போட்டு மூடிய கனமான பலகைகள். ஜெனரேட்டர் அறைகளில் சுவருக்குப் போடுவார்கள். ஒரே ஒரு ஜெனரேட்டர் கம்பெனிதான் அவரிடம் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி ஒருநாள், இனி நாங்களே செய்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டது.

பாயிடம் முப்பது நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அவர் அவர்களைக் கூட்டி வைத்து உள்ளதைச் சொல்லிவிட்டார். திருவள்ளூர் பக்கம் காக்களூரில் மூன்று நாள் தொழில் கண்காட்சி நடக்கிறது. அங்கே ஸ்டால் போடுகிறேன். புது ஆள் யாராவது கிடைத்தால் திங்கட்கிழமை வேலை உண்டு. கிடைக்கவில்லை என்றால் ஷெட்டை மூடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் ஸ்டால் போட வந்தார்.

படம் வரைந்து கொடுத்தது ரேவதி. சென்னையில் படித்துவிட்டு எங்கள் முதலாளியிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். மூன்று பக்கமும் திறந்த வெள்ளை ஸ்டால். பின்சுவர் முழுக்க ஒரே படம்: தூங்கும் குழந்தையின் முகம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கீழே ஒரே ஒரு சொல், அமைதி. எனக்குப் பிடித்திருந்தது. பாய்க்கும் பிடித்திருந்தது. பாயின் பலகைகளைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுக்குச் சாம்பல் நிறம். வெள்ளைக்கு நடுவில் அவை கோணிமூட்டை மாதிரி இருந்தன. சின்னத் துண்டு ஒன்றை மட்டும் வட்ட மேசைமேல் வைத்தோம். பாய் அனுப்பியிருந்த மற்ற பலகைகள் எல்லாம் ஸ்டோருக்குப் போயின.

ஸ்டோர் உங்களுக்குத் தெரியும். எவ்வளவு அழகான ஸ்டாலாக இருந்தாலும் பின்சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கும். தண்ணீர் கேன், கேட்டலாக் கட்டு, செருப்பு, பை, டிபன் பாக்ஸ் எல்லாம் அதற்குள்தான். பார்க்க வருபவர்களுக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியக்கூடாது. இந்தத் தடவை பலகைகள் வைக்க வேண்டும் என்று கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தோம். கீழே இடத்தை அடைக்காமல் இருக்க, பலகைகளை நாலு சுவரிலும் வரிசையாக நிறுத்தி ஸ்க்ரூ போட்டான் ஏழுமலை. கண்காட்சி நடந்த குடோனின் தகரக் கூரையில் புறாக்கள் இருந்தன. கேட்டலாக்மேல் எச்சம் விழாமல் இருக்க, மிச்சமிருந்த பலகைகளை மேலே மூடியாகப் போட்டோம்.

கடைசியில்தான் ஸ்டோருக்குக் கதவு வரவில்லை என்று தெரிந்தது. கும்மிடிப்பூண்டி ஷெட்டில் ஆட்கள் அதை இரண்டு ஸ்டூல்களுக்கு மேல் போட்டு, ஒரு வாரமாக அதன்மேல் வைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியில் ஏற்றும்போது அதை யாரும் கதவாகப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசை என்று நினைத்து விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

"அத எடுத்தாற இன்னொரு தபா பெரியபாளையம் சுத்திப் போவணும் மேஸ்திரி" என்றான் ஏழுமலை. "பாய் சாம்பிளுக்கு ஒரு கதவு அனுப்பிச்சிக்கீறாரே, அத மாட்டிக்கலாமா? அதான் சும்மா குந்தினு கீது."

அதுவும் பாயின் ஷெட்டில் செய்ததுதான். ஒரு ஜாண் தடிமன், ஓரம் முழுக்க ரப்பர். மூடினால் ஐஸ்பெட்டிக் கதவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாட்டினோம். இப்படி எங்களை அறியாமலேயே பாய் விற்க நினைத்த பொருளைப் பின்சுவருக்குப் பின்னால் முழுசாகச் செய்து வைத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி தொடங்கியது. பக்கத்து ஸ்டால் டிரில் மெஷின் விற்பவர்களுடையது. அவர்களும் புது டிரெண்டு பிடித்திருந்தார்கள். பொருளைக் காட்டினால் போதாது, ஓட்டிக் காட்ட வேண்டும் என்று. ஒருவர் கான்கிரீட் கட்டையில் ஓயாமல் துளை போட்டார். இன்னொருவர் மைக்கில் அதைப் பற்றிப் பேசினார். தகரக் கூரை இரண்டையும் வாங்கித் திருப்பிக் கொட்டியது.

பாயின் ஷெட்டிலிருந்து ஸ்டாலில் நிற்க வந்திருந்தவள் செல்வி. பஞ்சு அடைக்கும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. அந்தப் பெரிய படத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த எரைச்சல்ல இந்தக் கொயந்த எப்டித்தான் தூங்குதோ!" என்றாள். ரேவதி சிரிக்கவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் உள்ளே வந்தார். எங்கள் கும்மிடிப்பூண்டியிலேயே இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றின் மேனேஜர். பாய் ஓடிப்போய் வணக்கம் சொன்னார்.

"சார், நம்ம பேனலு போட்டா சத்தம் பாதிக்கு மேல கொறஞ்சிடும்!"

"என்னது?"

"சத்தம் சார்! கொறையும்!"

"சத்தம் கொறையும்னு சத்தம் போட்டுக்கினு கீறாரு பாரு மேஸ்திரி" என்றாள் செல்வி என் பக்கம் திரும்பி.

மேனேஜர் தலையை ஆட்டினாரே தவிர, எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கிளம்பப் பார்த்தார். அந்த நேரம் அவருக்குப் போன் வந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். செல்வி சுவருக்குப் பின்னால் போய்க் கதவைத் திறந்து, "சார், இங்க வந்து பேசுங்க. கொழம்பு வாசன வரும், கண்டுக்காதீங்க" என்று கையைக் காட்டினாள். அவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா செல்வி, மில்லு மேனேஜரக் கொண்டு போயி டிபன் பாக்ஸுக்கு நடுவுல குந்த வெச்சிக்கீற! மானம் போவுது."

"நின்னுக்கினு பேசுனா காது கேக்கலியே பாய். குந்தினு பேசட்டும்."

நேரம் போயிற்று. அவர் வரவில்லை. பாய் என்னைப் பார்த்தார், நான் ஏழுமலையைப் பார்த்தேன். கடைசியில் கதவு திறந்தது. மேனேஜர் வாசலில் நின்று வெளியே இருந்த இரைச்சலைக் கேட்டார். பிறகு உள்ளே தலையை விட்டார். மறுபடியும் வெளியே எடுத்தார். கதவின் தடிமனை விரலால் தடவிப் பார்த்தார்.

"போன் எப்பவோ முடிஞ்சிடுச்சு. சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்றார். "இதுதான் நீங்க விக்கிறதா?"

"இதான் சார்."

"அப்ப இதை ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் தன் மில்லைப் பற்றிச் சொன்னார். கம்பி உருட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ட்ரோல் ரூம். அதில் உட்காரும் ஆபரேட்டர்களுக்கு வருடத்துக்கு வருடம் காது மந்தமாகிக்கொண்டிருக்கிறது. "நாளைக்கு எங்க சீனியர் ஆபரேட்டரைக் கூட்டிட்டு வரேன். உள்ளே உட்காரப் போறது அவர்தான். அவர் சரின்னு சொன்னா மேல பேசலாம்."

மாலையில் கூட்டம் கலைந்ததும் பாய்க்கு நிலைகொள்ளவில்லை. "எல்லாத்தியும் கயட்டிடு மேஸ்திரி. இந்தப் படம், சோபா, ஒன்னும் வேணாம். அந்த ரூம இசுத்து முன்னாடி வையி." ரேவதி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அவள் வரைந்த முதல் ஸ்டால் அது.

இப்படிப்பட்ட நேரத்தில் வாடிக்கையாளர் சொன்னதைச் செய்துவிடுவதுதான் எளிது. எனக்குப் பேச வராது என்பதால் அநேகமாக அதைத்தான் செய்திருக்கிறேன். அன்று ஏதோ ஒன்று உறுத்தியது. மேனேஜர் எப்படி உள்ளே வந்தார் என்று நினைத்துப் பார்த்தேன். முன்னால் மேசை இல்லை, படியில்லை, தடுக்க எதுவும் இல்லை. நடைபாதையில் போனவர் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, ஸ்டாலுக்குள் கால் வைத்ததுகூடத் தெரியாமல் வந்துவிட்டார். நீங்கள் மூடிய அறையை முன்னால் இழுத்து வைத்தால் அது ஒரு பெட்டி. பெட்டிக்குள் யார் தானாக வருவார்கள்?

அதைப் பாயிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. "தொறந்து இருக்கறதாலதான் பாய் அவரு வந்தாரு. மூடி இருக்கறதாலதான் உக்காந்தாரு. ரெண்டும் வேணும்."

ரேவதி பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, ஸ்டோர் கதவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து, நேரா இந்தச் சுவர்ல வைக்க முடியுமா?"

"முடியும் மா. ஆனா படத்த வெட்டணும்."

"வெட்டுவோம். எங்கன்னு நான் சொல்றேன்."

சனிக்கிழமை காலை குடோன் திறந்ததும் அவளே கட்டரை வாங்கிக்கொண்டாள். குழந்தை ஒருக்களித்துப் படுத்திருக்கும் படம் அது. ஒரு காது பெரிதாகத் தெரியும். காதின் இடத்தில் கதவு வரும்படி அளந்து, ஃப்ளெக்ஸை ஒரே இழுப்பில் வெட்டினாள். நாங்கள் பின்னால் பலகைகளை மாற்றி அமைத்தோம். ஸ்டோரில் இருந்த சாமானெல்லாம் சோபாவுக்கு அடியில் போயிற்று. செல்வி மட்டும் தன் டிபன் பாக்ஸை அங்கே வைக்க மாட்டேன் என்றாள். "நேத்து பூரா மாளிகைல இருந்துச்சி, இப்ப இன்னாத்துக்கு தரைல வெக்கணும்?"

கண்காட்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு பாதுகாப்பு அதிகாரி வந்தார். தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஸ்டாலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் கதவின் முன் நின்றார். திறந்து உள்ளே போய் மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார்.

"தீப்பிடிச்சா இங்க சைரன் ஊதும். உள்ளே இருக்கறவனுக்குக் கேக்குமா?"

பாய் வெள்ளை மனசுக்காரர். "கேக்கக் கூடாதுன்னுதானே சார் செஞ்சிக்கீறோம்" என்றார்.

"அப்ப ஆளை உள்ளே விட்டுக் கதவை மூடக் கூடாது. மூடுறதா இருந்தா ஸ்டோரா வச்சுக்குங்க. மக்களை விடாதீங்க."

கதவைத் திறந்து வைத்தால் அந்த அறைக்கு அர்த்தமே இல்லை. மேனேஜர் வரும் நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை என் காதருகே வந்தான். "அவரு அந்தாண்ட போவட்டும் மேஸ்திரி. அப்பால மூடிக்கலாம். பேஜாரு பண்ணாம சரின்னு சொல்லிடு."

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் இந்தப் பேச்சை நீங்கள் நிறையக் கேட்பீர்கள். அதிகாரி போனதும் தடுப்பை நகர்த்துவது, வெளியேறும் வழியில் சோபா போடுவது, ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது. பத்துத் தடவையில் பத்துத் தடவையும் எதுவும் ஆகாது. அதனால்தான் அது பழகிவிடுகிறது. எனக்கும் சரி என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. உள்ளே இருப்பவனுக்குக் கேட்காது. அது உண்மை. அவர் அந்தப் பக்கம் போனதால் அது மாறிவிடாது.

நான் தலையாட்டாததைப் பார்த்து ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இன்னா, ஆப்பரேசன் ரூம் மாரி செவப்பு லைட்டா மாட்ட முடியும்?" என்று சத்தமாகவே சொன்னான்.

அதிகாரி திரும்பினார். "மாட்டு" என்றார். "சுவிட்சு வெளியே. கதவுப் பக்கத்துல ஒரு ஆள். அந்த ஆளு வேற எந்த வேலையும் பார்க்கக் கூடாது. உள்ளே மூணு பேருக்கு மேல கூடாது. என்ன ஏதுன்னாலும் லைட்டைப் போடணும், கதவைத் திறக்கணும்." பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "நீங்களே நில்லுங்க."

ஏழுமலை ஒரு சிவப்பு பல்பு வாங்கி வந்து அறைக்குள் மேலே மாட்டி, சுவிட்சை வெளியே கதவோரம் வைத்தான். ஸ்டாலைக் கட்டி ஒப்படைத்ததும் பின்பக்கம் போய் மறைந்துவிடும் ஆள் நான். அன்று எல்லோரும் பார்க்கும்படி, குழந்தையின் காதுக்குப் பக்கத்தில், சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். போகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் பார்ப்பதாகத் தோன்றியது. "சாமியார் மாரி நிக்கிறியே, ஒரு சிரிப்பு சிரிச்சா இன்னா?" என்றாள் செல்வி.

மேனேஜர் சொன்னபடி வந்தார். கூட வந்த ஆபரேட்டருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பேர் ஆறுமுகம். எதைச் சொன்னாலும் காதை முன்னால் கொண்டுவந்து கேட்டார். பாய் என்னிடம் குனிந்து, "இன்னா ஆனாலும் தொறக்காத மேஸ்திரி. ஒரு அரமணி நேரம் குடு" என்று சொல்லிவிட்டு அவர்கள் இருவரோடும் உள்ளே போனார். கதவு ஒட்டிக்கொண்டது.

முப்பது நாற்பது பேருடைய திங்கட்கிழமையை அந்தக் கதவுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயின் பலகை நல்ல பலகை. செல்வி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கையில் கேட்டலாக்கைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து ஸ்டாலிலிருந்து ரப்பர் தீயும் வாசனை வந்தது. டிரில் மெஷின்களுக்கு வயர் இழுத்திருந்த பிளக் போர்டிலிருந்து கொஞ்சம் புகை. துளை போடுபவர் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். மைக்கில் பேசுபவர், "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல, யாரும் பயப்பட வேணாம்" என்றார். யாரும் பயப்படவும் இல்லை. இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவ்வளவுதான்.

செல்வி என் விரலைப் பார்த்தாள். "வேணாம் மேஸ்திரி. அதோ அணைச்சிடுவாங்க. பாய் பேசிக்கினு கீறாரு."

அவள் சொன்னது தப்பில்லை. புகை சின்னதுதான். பெரிதாகாது என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்த ஒரு கணத்தில் நான் நினைத்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும், இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். புகை பெரிதா சின்னதா என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அது என் வேலையே இல்லை. வெளியே நிற்கும் எங்களுக்குக் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, ஓட வழி இருக்கிறது. பயப்படுவதா வேண்டாமா என்று நாங்களே முடிவு செய்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் மூன்று பேருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. தெரியாதவர்களுக்காக நான் தைரியமாக இருக்கக் கூடாது. தெரியப்படுத்திவிட்டால் தைரியமாக இருப்பதா வேண்டாமா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சுவிட்சைப் போட்டேன். கதவைத் திறந்தேன்.

மூவரும் வெளியே வந்தார்கள். பாய் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. "இன்னா மேஸ்திரி!" என்றார், அவ்வளவுதான். அதற்குள் பக்கத்து ஸ்டாலில் மெயினை அணைத்துவிட்டார்கள். கருகிய பிளக் ஒன்றை ஒருவர் குறட்டால் பிடித்துக் கொண்டுபோனார். "இதுக்காகவா?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "நல்லா செட்டப் பண்ணியிருக்கீங்க. நேரம் பார்த்து லைட்டு எரியுது!"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். உள்ளே போனதிலிருந்து ஆறுமுகம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். கம்பி பாதை தவறி வெளியே பாய்ந்தால் மில்லில் சைரன் ஊதுவார்கள். இந்த அறைக்குள் இருந்தால் அது கேட்காதே, அப்போது நான் மெஷினை எப்படி நிறுத்துவது என்று. பாய் எதை எதையோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆறுமுகம் வேண்டாம் என்று எழுந்தே விட்டாராம். அப்போதுதான் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது.

ஆறுமுகம் மறுபடியும் உள்ளே போய் அந்த பல்பைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "போடு" என்றார். போட்டேன். "அணை." அணைத்தேன். "கதவ மூடினு போடு." மூடிவிட்டுப் போட்டேன். அவரே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"இத சைரனோட சேத்து எரிய வெக்க முடியுமா பாய்? சைரன் ஊதுனா இதுவும் எரியணும்."

"முடியும்" என்றார் பாய். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "முடியும்ல?" நான் தலையாட்டினேன். எலக்ட்ரீஷியன் ஒருவன் அரைநாளில் செய்யும் வேலை அது.

"ஒன்னுக்கு ரெண்டா மாட்டு. ஒன்னு ஃபீஸ் போனாலும் இன்னொன்னு எரியணும்" என்றார் ஆறுமுகம். மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அதுதான் சம்மதம் போலிருக்கிறது.

"முதல்ல எங்க கண்ட்ரோல் ரூமுக்கு மட்டும் போடுங்க" என்றார் மேனேஜர் பாயிடம். "ஆறுமுகம் ஒரு மாசம் உட்கார்ந்து பார்க்கட்டும். பக்கத்து மில்லுங்களுக்கும் இதே தொல்லை இருக்கு. அது அப்புறம்."

அவர்கள் போன பிறகு பாய் சோபாவில் உட்கார்ந்து கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு அறைக்கான வேலை. அதை வைத்து ஷெட்டை ஓட்ட முடியுமா, முடியாதா என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். பக்கத்தில் டிரில் சத்தம் மறுபடியும் தொடங்கிவிட்டது.

செல்வி என்னிடம் வந்தாள். "மேஸ்திரி, உள்ள போயி ஒரு போன் பண்ணிக்கினு வரேன். லைட்ட போட்டுடாத."

போனாள். கதவை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே புழுக்கம் என்றாள்.

"யாருக்கு மா போன்?"

"நம்ம ஷெட்டு பொம்பளைங்களுக்கு. திங்கக்கெழம வேல கீது, வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"பாய் இன்னும் ஒன்னும் சொல்லலியே?"

"அவரு சொல்ற வரைக்கும் அதுங்க தூங்க வேணாமா?"

அவள் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. பாயின் காதில் விழுந்துவிட்டது. சோபாவிலிருந்து தலையைத் தூக்கினார். "செல்வி! யாரக் கேட்டு சொன்ன?"

செல்வி கேட்டலாக்கை மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தாள். பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எத்தினி மணிக்கு வரச் சொன்ன?"

"எட்டுக்கு."

"ஏழுக்கு வரச் சொல்லு. பஞ்சு லோடு எறக்கணும்."

செல்வி மறுபடியும் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள். நான் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.